கழுத்தளவுத் தண்ணீரில் அண்ணாச்சி

இந்தியாவிலேயே, ஏன், ஆசியாக் கண்டத்திலேயே, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு ரியல் எஸ்டேட் தொழில் செய்கிற ஒரே மனிதர் எங்கள் தெரு முங்குநீச்சல் அண்ணாச்சிதான். இதை மறுக்கிற வாசகர்கள் தங்கள் ஊர் ஆளை ஈரம் காய்வதற்குள் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழி நெடுக, மலையைப் பார்த்தபடி எத்தனை கண்மாய், எத்தனை ஓடை, எத்தனை குட்டை உண்டோ, அதையொட்டிய பட்டா நிலம்தான் அவருடைய சரக்கு. மெயின் ரோட்டு மனை, மில்லுக்குப் பின்னால் காம்பவுண்டு கட்டிய இடம் என்று யாராவது விற்கக் கொண்டுவந்தால் முகத்தைச் சுளிப்பார்.

"காஞ்ச எடத்தை விக்க ஊருல ஆயிரம் பேரு இருக்கான். நம்ம சரக்குல ஈரம் இருக்கணும்லே" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சாட்சிக் கையெழுத்துப் போடும்போதுகூட இடது கையால் மறைத்துக்கொண்டுதான் போடுவார். பெயர் தெரிந்துவிட்டால் தொழில் படுத்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. முங்குநீச்சல் என்று சொன்னால் போதும், செட்டியார்பட்டி வரை வழி காட்டுவார்கள்.

அந்தப் பெயர் அவர் வியாபாரம் செய்கிற விதத்தால் வந்தது. நிலம் வாங்க வருகிறவரை இந்தத் தொழிலில் பார்ட்டி என்பார்கள். மற்ற தரகர்கள் பார்ட்டி வந்தால் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அண்ணாச்சி கண்மாய்க்குள் முங்கிக் காத்திருப்பார். கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து, மீசையை வழித்துவிட்டு, "வாங்க, வாங்க! தண்ணி கெடக்கானு கேட்டீகளே, இந்தா சொட்டுது பாருங்க!" என்று தலையை ஒரு உதறு உதறுவார். பார்ட்டியின் மூக்குக் கண்ணாடியெல்லாம் நனைந்துவிடும். அதற்குமேல் அவர் என்ன சந்தேகம் கேட்க முடியும்?

கண்மாய் வறண்ட மாதங்களில்தான் கஷ்டம். அப்போதும் அண்ணாச்சி கொள்கையை விடவில்லை. பக்கத்துத் தோப்பில் பம்புசெட்டு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் பார்ட்டிக்கே நேரம் கொடுப்பார். அங்கே குளித்துவிட்டு, வெயிலில் காய்ந்துவிடாமல் ஓட்டமும் நடையுமாக வந்து சேருவார். ஒருநாள் கரண்ட் இல்லை. பார்ட்டி வந்துகொண்டிருக்கிறார். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். டீத்தூள் வாசம் குபீரென்று அடித்தது. பார்ட்டி மூக்கை உறிஞ்சினார்.

"மூலிகைத் தண்ணிங்க. நேரா மலையிலருந்து வருதுல்ல" என்றார் அண்ணாச்சி. அந்த இடம் விற்றுப்போனது.

இவரோடு எனக்கு ஒட்டு உண்டானது என் ஸ்கூட்டரால். நான் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். லீவு நாளில் அவரைக் கண்மாய் கண்மாயாகக் கொண்டுபோய் விடுகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. என் வண்டியின் பின் சீட்டு ரெக்சின் அழுகி, பஞ்சு வெளியே வந்து, அந்தப் பஞ்சில் ஒருதரம் வெந்தயம் மாதிரி ஏதோ முளைத்தும் இருந்தது. கம்பெனியில் என் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் வண்டி நிறுத்தமாட்டார்கள்.

அண்ணாச்சிக்கு இன்னொரு பிடிவாதம், ரொக்கம். அட்வான்ஸாக இருந்தாலும் சரி, கிரயப் பணமாக இருந்தாலும் சரி, நோட்டாகத்தான் கைமாற வேண்டும்.

"செக்கு நனைஞ்சா கையெழுத்து கரைஞ்சிரும். நோட்டு நனைஞ்சா காயப் போட்டாப் போதும்" என்பது அவர் கட்சி. போனில் அனுப்புகிறேன் என்றால், "போனை வச்சுக்கிட்டு முங்க முடியுமா?" என்று திருப்பிக் கேட்பார். அவரிடம் போனே கிடையாது. அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போன் செய்ய வேண்டும். டீக்கடைக்காரர் கண்மாயைப் பார்த்துக் கத்துவார்.

ஒருமுறை அட்வான்ஸ் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சந்தோஷமாக ஒரு முங்கு போட்டுவிட்டார். நோட்டையெல்லாம் கரையில் வரிசையாக விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் படுத்தார். மேய வந்த கிடா ஒன்று கல்லை ஒதுக்கிவிட்டு ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மென்று விழுங்கிவிட்டது. வேறு யாராவது என்றால் ஆட்டுக்காரனோடு சண்டைக்குப் போயிருப்பார்கள். அண்ணாச்சி அந்தக் கிடாவை விற்றுத்தர அவரே தரகு பேசினார். "உள்ளுக்குள்ள ஐந்நூறு ரூவா கெடக்கு. அதைச் சேத்துச் சொல்லுதேன்" என்று விலையை ஏற்றி, அந்த ஐந்நூறை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் மச்சான் மாட்டினார்.

மச்சான் என்றால் என் ரோஸ்லின் அக்காவின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் வந்திருந்த ஒரு ஐப்பசியில், கண்மாய் தளும்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அண்ணாச்சி அவரைக் கூட்டிப்போய் தண்ணீரைக் காட்டினார். கண்மாயின் நிஜப் பெயரை எழுதினால் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நொச்சிக் கண்மாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் பாதி நாள் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர் மச்சான். மலைநிழல் விழுந்த அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொக்கிப்போய், கையிருப்பை எல்லாம் கொடுத்து கண்மாயின் வால் பக்கம் ஒரு துண்டு நிலத்தை அக்கா பேரில் வாங்கிவிட்டு வண்டி ஏறினார். அவர் போன பிறகு கண்மாய் வற்றியது. அதன்பின் வந்த மழையெல்லாம் அடுத்த ஊரோடு நின்றுகொண்டது. போனில் பேசும்போதெல்லாம் மச்சான் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால் "தண்ணி கெடக்கா?" என்றுதான் கேட்பார்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். வாடகைக் கடைதான். ஆனால் தையல் மிஷினை விட்டு எழுந்தால் தன் உயிரில் பாதி அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று சொல்கிறவள். கடைச் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, இடத்தை விற்கப்போகிறேன், சித்திரை முடிவதற்குள் நீ வாங்கிக்கொண்டால் உனக்கு, இல்லாவிட்டால் செல்போன் கடைக்காரருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நேராக ராஜபாளையம் பஸ் ஏறி, அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் ஓடினேன்.

"அண்ணாச்சி, நீங்கதான அந்த எடத்தை அவிய தலையில கட்டுனீக? நீங்களே வித்துக் குடுங்க. சித்திரை தாண்டுச்சுன்னா என் மிஷினைத் தூக்கிட்டு வந்து ஒங்க வீட்டு நடையில போட்டுத் தைப்பேன்!"

"கோவப்படாத தாயி. தண்ணியைப் பாத்த எடம் தங்கம்லா."

"தண்ணி எங்க இருக்கு? நான் அழுதாத்தான் அங்க தண்ணி வரும்!"

 அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பார்ட்டி தேடக் கிளம்பினார்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது ஒரு பார்ட்டியைப் பிடித்தார். செட்டியார்பட்டியில் பிறந்து, சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவி சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசாத அம்மாள்.

அண்ணாச்சி வழக்கம்போல் பம்புசெட்டில் நனைந்து வந்து நின்றார். எஞ்சினியர் கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தேடினார். எதிரே பாளம் பாளமாக வெடித்த கரம்பை மண்ணும், நடுவே நாலைந்து கருவேல மரங்களும்தான்.

"தண்ணி எங்கங்க?"

"இந்த வரப்போட ஒங்க எடம் முடியுது. இதுக்கு அங்கிட்டு எல்லாம் தண்ணிதான்" என்றார் அண்ணாச்சி. "வாங்க, உள்ள போயிப் பாப்போம். செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கோங்க. பேண்டைச் சுருட்டிக்கோங்க. அம்மா, நீங்க சேலையைச் செத்தத் தூக்கிப் பிடிச்சுக்கோங்க. வழுக்கும், பாத்து."

படித்த மனிதர், பாலம் கட்டியவர், மறுபேச்சுப் பேசாமல் பேண்டை முழங்கால் வரை சுருட்டினார். அண்ணாச்சி சொல்கிற தோரணை அப்படி. மூன்று பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காய்ந்த கண்மாய்க்குள் இறங்கினார்கள். மண் அடுப்புக்கல்லாகக் காய்ந்திருந்தது. எஞ்சினியர் துள்ளினார்.

"சுரீர்னு இருக்குதுங்களே!"

"ஆமாங்க, மொதல்ல அப்படித்தான் இருக்கும். உள்ள போகப் போகப் பழகிரும்."

கொஞ்ச தூரத்தில் அண்ணாச்சி நடையைக் குறைத்தார். "இங்க முழங்காலு" என்றார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு கால்களை இழுத்து இழுத்து வைத்தார். "இங்க இடுப்பு." இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் போய், "இந்தா, கழுத்து!" என்று மோவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினார். அதோடு விட்டாரா? மூக்கைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று குந்தி முங்கினார். வெகுநேரம் எழவில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் சிவந்து, கடைசியில் "ஹா!" என்று எழுந்து தலையை உதறினார். எஞ்சினியர் தண்ணீர் தெறிக்காமலிருக்க ஓரடி பின்னால் தள்ளி நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், வரப்பில் நின்றிருந்த நானும் தள்ளித்தான் நின்றேன்.

பிறகு அண்ணாச்சி புழுதியில் குப்புறப் படுத்துக் கை கால் அடித்து ஒரு நீச்சல் நீந்திக் காட்டினார். எஞ்சினியர் கை தட்டினார். அந்த அம்மாள் மட்டும் மெதுவாகப் பின்வாங்கி வரப்பில் ஏறிக்கொண்டார்.

"அவ்ளோ ஆழமா?" என்றார்.

"மாடே முங்கிரும்மா! வீட்டு வாசல்லருந்து எறங்குனா நேரா கழுத்துதான்!"

அந்த அம்மாள் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்து எங்களுக்கு ஏகப் பெருமை.

எஞ்சினியர் செக் புத்தகத்தை எடுத்தார். அண்ணாச்சி தடுத்துவிட்டார். மறுநாள் ரொக்கமாகவே அட்வான்ஸ் வந்தது. அக்கா அதை அப்படியே கொண்டுபோய்க் கடைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டாள். பாக்கியைச் சித்திரைக்குள் கொடுக்காவிட்டால் கடையும் போகும், கொடுத்த பணமும் திரும்பாது என்று பேச்சு. இனி நிலம் கிரயமாகியே தீர வேண்டும்.

சித்திரை பாதியில் மலையில் கொட்டித் தீர்த்தது. கோடை மழை என்றால் நாலு தூறல் என்று நினைத்திருந்தோம். அய்யனார் கோவில் ஆற்றில் ஆளை இறங்கவிடாமல் போலீஸ் நிறுத்தியிருந்தார்கள். இத்தனை வருஷமாகத் தண்ணீர் காணாத நொச்சிக் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டி மறுகால் பாய்ந்தது. அக்கா தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, பனிமலையில் நின்றுகொண்டு அவர் விசில் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. எஞ்சினியருக்கும் அவளே போன் செய்தாள்.

"சார், தண்ணி வந்திருச்சு சார்! நெறைஞ்சு கெடக்கு!"

"அப்படியாம்மா?" என்று அவர் இழுத்தார். "ஞாயித்துக்கிழமை நானும் வீட்டம்மாவும் வர்றோம். நேர்ல பார்த்து முடிவு பண்ணிக்குவோம்."

முடிவு என்ற அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கையில் செபமாலையோடு அக்கா நேராக அங்கே வந்துவிட்டாள். நானும் அண்ணாச்சியும் ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். மலை வரைக்கும் தண்ணீர் தகதகத்தது. அண்ணாச்சிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வரப்பிலிருந்து ஓட்டமாக ஓடி, கண்மாய்க்குள் கொஞ்ச தூரம் பாய்ந்து, கைகளைக் கூப்பித் தலைகீழாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தார்.

சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. முங்கிய ஆளின் முதுகு முழுசாக வெளியே தெரிந்தது. எழுந்தபோது முகத்தில் மீசை எது, சேறு எது என்று தெரியவில்லை.

"ஏலே, தண்ணி எங்கலே?" என்றார்.

நடந்தார். இன்னும் நடந்தார். பங்குனியில் அவர் மோவாயைத் தூக்கிய அதே இடத்துக்குப் போய் நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. கண்மாயோ கலுங்கு தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, இதற்குமேல் ஒரு சொட்டு நிற்காது. விஷயம் இதுதான்: அண்ணாச்சி எப்போதும் முங்குவது ஆழமான மடைப் பக்கம். இந்த வால் பக்கம் அவர் கடைசியாகக் குளித்தது கால்சட்டைப் பருவத்தில். அப்போது கழுத்தளவு இருந்தது உண்மைதான். இப்போது கழுத்துதான் மேலே போய்விட்டது.

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "கடை போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட தேவலை.

தூரத்தில் கார் வருவது தெரிந்தது. அண்ணாச்சி காரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் சரியாகக் கழுத்துக்கு வந்தது.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதீக?" என்று பதறினேன்.

"நிக்கேன்லே" என்றார். "அவிய வந்துட்டுப் போற வரைக்கும் நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ வாயத் தொறக்காத."

காரை விட்டு இருவரும் இறங்கி வரப்புக்கு வந்தார்கள். எதிரே பெரிய தண்ணீர்ப் பரப்பு. அதில் மிதக்கிற ஒரு தலை.

"வாங்க, வாங்க!" என்றது தலை. "நான் சொன்னேம்லா? கழுத்து வரைக்கும் கெடக்கு பாருங்க!"

எஞ்சினியர் சிரித்தார். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்த அண்ணாச்சி, ஆழம் போதவில்லை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்து, முதுகைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் இறங்கினார். "கால் வைக்க வைக்கப் பள்ளமா போகுதும்மா! இந்தா, மோவாய் வரைக்கும் வந்திருச்சு!" அந்த அம்மாளின் முகம் இன்னும் கறுத்தது. அண்ணாச்சி வாய் வரைக்கும் இறங்கினார். அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் குமிழியாகத்தான் வந்தது.

அக்கா எழுந்து நின்றுகொண்டாள். செபமாலையை இரண்டு கைக்குள்ளும் வைத்து மார்போடு கும்பிட்டபடி, உதடு மட்டும் அசைய, கண்ணை அண்ணாச்சியை விட்டு எடுக்காமல் நின்றாள்.

எஞ்சினியர் பிளாஸ்க்கைத் திறந்து காபி குடிக்க ஆரம்பித்தார். மலையைப் போட்டோ எடுத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு வந்து இறங்கி, கால் பாதி வெளியே தெரிய ஒய்யாரமாக நின்றது. "சூ, சூ!" என்று தலை அதை விரட்டியது. கொக்கு போனது. எங்கிருந்தோ ஒரு எருமை வந்து, வயிறுகூட நனையாமல் நின்று, தலையை உற்றுப் பார்த்தது. அதையும் தலை கெட்ட வார்த்தை சொல்லி அனுப்பியது. நான் எஞ்சினியரின் கவனத்தைத் திருப்ப, அவர் கட்டிய பாலங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டர்ர்ர் என்று சத்தம் கேட்டது. அடுத்த தோப்புக்குப் போகிற பால்காரர். கண்மாயின் வாலைக் குறுக்கே வெட்டிப் போகிற ஒற்றையடிப் பாதையில் தினமும் போகிறவர். இன்றைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக அவர் ஏன் சுற்றிப் போக வேண்டும்? கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பால் கேன் ஆட, பாதிச் சக்கரம் மட்டும் நனைய, மொபெட்டைத் தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். தலைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்க வந்து உக்காந்துட்டீக? மூலச்சூடா? வெந்தயம் ஊறவச்சுத் தின்னுங்க, சரியாப் போகும்!"

சொல்லிவிட்டு டர்ர்ர் என்று அந்தக் கரைக்கு ஏறிப் போய்விட்டார்.

 எஞ்சினியரின் காபி டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"அவன் மேட்டுல போறான்" என்றார் அண்ணாச்சி. "நான் நிக்கிறது பள்ளம்."

"ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

"வேண்டாம்மா. எனக்கு இப்படி நிக்கிறதுதான் சொகமா இருக்கு."

அண்ணாச்சி சொன்னது அந்த அம்மாளுக்கு. பார்த்தது அக்காவை. அக்கா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கணுக்கால் நனைந்தது. ஆடுசதை நனைந்தது. முழங்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. அப்படியே நடந்து போய் அண்ணாச்சியின் தலைக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க! இங்க வாங்க!" என்று அந்த அம்மாள் அங்கிருந்து கூவினார். "முட்டிக்கால் வரைக்கும்தாங்க! கண்மாய் ரொம்பியும் இவ்ளோதாங்க! நான்தான் பயந்து செத்தேன்!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். லீவுக்கு வந்தால் தண்ணீரை விட்டு நகராத வாலுகள். பங்குனியில் அண்ணாச்சி முங்கிக் காட்டியதிலிருந்து அந்த அம்மாளுக்குத் தூக்கமே இல்லையாம். வாசலில் கழுத்தளவுத் தண்ணீர் இருக்கிற வீடு எனக்கு வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கத்தான் அன்றைக்குப் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுத்தான் எஞ்சினியர் அத்தனை நேரம் காபி குடித்திருக்கிறார். மொபெட் போகிற தண்ணீர் என்றால் இந்த வாரமே பத்திரம் போட்டுவிடலாம் என்றார் அந்த அம்மாள். அண்ணாச்சி அப்படி முங்கிக் காட்டாமல் இருந்திருந்தால் பங்குனியிலேயே கிரயம் முடிந்திருக்கும்.

அக்கா கையை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எந்திரிங்க" என்றாள்.

அண்ணாச்சி எழப் பார்த்தார். முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. எஞ்சினியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். சம்மணம் கலையாமலே மேலே வந்தார்.

சித்திரை முடிவதற்குள் பத்திரம் பதிவானது. ரொக்கம்தான். அந்தக் கடை இப்போது அக்காவுடையது. மிஷினை விட்டு எழுந்தாலும் அங்கேயேதான் இருக்கிறாள்.

அன்றைக்கு அண்ணாச்சியை ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவருக்குப் பல் தந்தியடித்தது. என்னை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் முதுகுச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பாதி வழியில் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, பால்காரரு போட்டு ஒடைச்ச பொறவாவது எந்திரிச்சிருக்கலாம்ல? குட்டு வெளிப்பட்ட பொறவும் என்னத்துக்கு உக்காந்துக்கிட்டு இருந்தீக?"

 காதுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"வேவாரம் போனாப் போகட்டும்லே, எம்புட்டோ போயிருக்கு. அந்தப் புள்ள கும்பிட்ட கையை எறக்கலையேலே. அந்த எடத்தை அது தலையில கட்டுனவன் நான். அந்தக் கை எறங்குறதுக்கு முன்னால நான் எப்படி எந்திரிக்க?"

 வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான், எங்களுக்கு அண்ணன் கிடையாது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.